நனைத்துப் பார்க்காத சட்டை

என் பஞ்சர் கடைக்கும் வாட்டர் சர்வீஸுக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவு சுவர். அவர்கள் வண்டிக்கு அடிக்கிற தண்ணீரில் பாதி என் கடைக்குள்தான் விழும். குனிந்து டயர் கழற்றிக்கொண்டிருப்பேன், முதுகில் சில்லென்று ஒரு சாரல் விழும், நான் திட்டுவேன். அந்தப் பக்கமிருந்து நுரைக்காரர் ஒரு கையைத் தூக்கி, "மன்னிச்சுக்கங்க மச்சான்" என்பார். மறுநாளும் விழும். போதாக்குறைக்கு வீடும் பக்கத்துப் போர்ஷன்தான். அவர் வீட்டில் தும்மினால் என் வீட்டில் கேட்கும். அதனால் இந்தக் கதையில் நான் பார்க்காததும் உண்டு, கேட்காதது எதுவும் கிடையாது.

நுரைக்காரர் என்ற பெயர் அவருக்கு வேலையால் வந்தது. பம்பில் மாட்டிய நுரைத் துப்பாக்கியை அவர் பிடித்தால் வண்டி முழுக்க நுரை ஒரே சீராக உட்காரும். மற்றவன் பிடித்தால் திட்டுத் திட்டாக நிற்கும். அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை; அவர் என்னை மச்சான் என்பதால் எனக்கு அவள் தங்கச்சி. வண்டிக்குள்ளிருந்து ரப்பர் மேட்டுகளை உருவிச் சுவரில் சாய்த்து, தண்ணீரைப் பீய்ச்சித் தேய்த்து, கம்பியில் தொங்கவிடுவதும், கழுவிய வண்டியைத் துடைப்பதும் பெண்கள் வேலை. தங்கச்சி, அவள் மகள், அப்புறம் வாயாடி என்று மூன்று பேர். மகள் படிப்பை முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று அம்மாவோடு வந்து சேர்ந்தவள். வாயாடி என்பது நான் வைத்த பெயரில்லை, அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வது.

தண்ணீரில் நிற்கிற வேலை. காலையில் காய்ந்த உடுப்போடு வந்து, முதல் வண்டியிலேயே நனைந்து, சாயங்காலம் நனைந்தபடியே வீட்டுக்குப் போவார்கள். அதற்காக மூன்று பேரும் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை மேலே மாட்டிக் கழுத்துவரை பித்தான் போட்டுக்கொள்வார்கள். தங்கச்சி போட்டிருந்தது நுரைக்காரரின் பழைய காப்பிப்பொடி நிறச் சட்டை. தடிமனான துணி. எத்தனை தண்ணீர் பட்டாலும் இன்னும் கொஞ்சம் கறுக்குமே தவிர வேறொன்றும் ஆகாது. அதைப் போட்டுக்கொண்டு அவள் மேட் தேய்க்கும்போது தூரத்திலிருந்து பார்த்தால் நுரைக்காரர்தான் குனிந்து நிற்கிறாரோ என்று தோன்றும். அவருக்கு அதில் ஒரு குறை. பொண்டாட்டி பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்கிறாளே என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளிக்கு ஒரு டாக்சி கம்பெனியின் வண்டிகளையெல்லாம் கழுவித் தருகிற பெரிய வேலை கிடைத்தது. அவர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, வேலையாட்கள் எல்லாரும் வாட்டர் சர்வீஸின் பெயர் போட்ட ஒரே மாதிரி உடுப்பில் இருக்க வேண்டும் என்பது. முதலாளி நுரைக்காரரைக் கூப்பிட்டு, நீதான் இங்கே பழைய ஆள், துணி பிரிண்ட் போடுகிற கடையில் மாதிரி வைத்திருக்கிறார்கள், போய் நல்லதாக ஒன்று பார்த்துச் சொல்லிவிட்டு வா என்று சொல்லிவிட்டார்.

கை ஈரம்கூடத் துடைக்காமல் சுவரைத் தாண்டி என்னிடம் வந்தார் மனுஷன்.

"மச்சான், என்னைய எடுக்கச் சொல்லிட்டாரு."

"என்னத்த?"

"கம்பெனி சட்டைய. எல்லாருக்கும். நான் எதைச் சொல்றேனோ அதுதானாம்."

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அந்த ஆளிடம் டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்றுகூட யாரும் கேட்டதில்லை. கொடுத்ததைக் குடிப்பார். அப்படிப்பட்டவர் கையில் ஒரு முடிவைக் கொடுத்தால் கால் தரையில் நிற்குமா?

மூன்று மாதிரிச் சட்டைகளை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார். ஒன்று கருநீலம், தொளதொளவென்று, சொரசொரப்பான துணி. இன்னொன்று சாம்பல் நிறம். மூன்றாவது பால் நிறத்தில் காலர் வைத்த டீ சர்ட். பட்டுப்போல வழுக்குகிற மெல்லிய துணி, முதுகில் பச்சை எழுத்தில் கம்பெனி பெயர், நெஞ்சோரம் சின்னதாக மூன்று நுரைக் குமிழி. குமிழியைப் பார்த்ததும் ஆள் விழுந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றார். காலரைத் தூக்கிவிட்டார். என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார். என் சட்டை பூராவும் கிரீஸ், என்னிடம் போய் என்னத்தைக் கேட்கிறீர் என்றேன்.

மகள் கருநீலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இது நல்லா இருக்குப்பா" என்றாள்.

"அது வாட்ச்மேன் கலரும்மா. எந்தக் கேட்டுல பாத்தாலும் ஒருத்தன் அதைத்தான் போட்டுக்கிட்டு நிக்கிறான். நாம யாரு? சுத்தம் பண்றவங்க. நம்ம மேல அழுக்குப் பட்டா தெரியணும். அப்படியும் சட்டை வெள்ளையா இருந்தா, அதுதான் நம்ம வேலைக்கு மரியாதை."

யோசித்துத்தான் பேசினார். அந்தப் பேச்சில் குற்றம் சொல்ல எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தங்கச்சி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பால் நிறத் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். உங்களுக்குப் பிடிச்சாச் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆயுசில் பாதியைத் தண்ணீரில் நின்றே கழித்தவர், துணியைக் கசக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், வெயிலில் காட்டிக்கூடப் பார்த்தார். நனைத்துப் பார்க்கவில்லை. பக்கத்தில்தான் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

புதுச் சட்டைகள் வருகிற நாளுக்கு முந்தைய சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அந்தக் காப்பிப்பொடிச் சட்டையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். இனி இதுக்கு வேலை இல்ல மச்சான், கண்ணாடி துடைக்க ஆகும் என்றார். கை இரண்டையும் முதலில் வெட்டினார். முதுகை நாலு துண்டாக்கினார். தங்கச்சி பக்கத்தில் நின்று, கீழே விழுந்த பித்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

முதல் நாள் காலையைச் சொல்ல வேண்டும். பொய் சொல்லக்கூடாது, அத்தனை பேரும் அழகாக இருந்தார்கள். சட்டைக்கு மேலே வேறு எதுவும் போடக்கூடாது, பேர் மறைந்துவிடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். புது போர்டுக்குக் கீழே எல்லாரையும் நிறுத்திப் படம் பிடித்தார். நுரைக்காரர் நடுவில். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மகள். மகள் காலரை ஒரு கையால் பிடித்தபடி சிரித்தாள். வாயாடி என்னைப் பார்த்து, "என்னண்ணே, பேங்க் ஆபீசர் மாதிரி இருக்கேனா? கடன் கிடன் வேணும்னா சொல்லுங்க" என்றாள். எல்லார் உடுப்பும் அப்போது காய்ந்திருந்தது.

அப்புறம் முதல் வண்டி வந்தது.

நான் ஒரு லாரி டயரில் மெனக்கெட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சத்தம் திடீரென்று குறைந்த மாதிரி இருந்தது. பம்பு ஓடுகிறது, தண்ணீர் அடிக்கிறது, வாயாடியின் வாயைக் காணோம். நிமிர்ந்து பார்த்தேன். பார்த்த உடனே குனிந்துகொண்டேன். நனைந்த அந்தத் துணி, துணியாகவே இல்லை. தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டு, உள்ளே இருப்பது அத்தனையையும் காட்டிக்கொண்டிருந்தது. ஆண்களுக்கு ஒன்றுமில்லை, உள்ளே பனியன், அதோடு முடிந்தது. அந்த மூன்று பேரும் நின்ற நிலையை நான் எழுதப்போவதில்லை.

தங்கச்சி முதலில் பார்த்தது தன்னையல்ல, மகளை. கையிலிருந்த ரப்பர் மேட்டை அப்படியே மகளின் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தாள். பிறகு தனக்கொன்று எடுத்துக்கொண்டாள். அன்று முழுக்க அந்தப் பெண்கள் மேட்டைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டேதான் நடந்தார்கள். ஆனால் மேட்டைப் பிடித்துக்கொண்டே மேட்டைக் கழுவ முடியுமா? வண்டியைத் துடைக்கக் கையைத் தூக்காமல் முடியுமா? வண்டி கழுவி முடிகிறவரை டிரைவர்கள் உட்கார அங்கே ஒரு பெஞ்சு உண்டு. மற்ற நாளில் வண்டியை விட்டதும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அன்றைக்கு எவனுக்கும் டீ தேவைப்படவில்லை. பெஞ்சில் இடம் போதாமல் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து ஏதோ சிக்னல் தேடுகிற மாதிரி பாவனை செய்தான். நான் டயர் நெம்புகிற இரும்பு லீவரைச் சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டேன். திரும்பிப் பார்த்தான், போனைக் கீழே இறக்கினான், கொஞ்ச நேரத்தில் மறுபடி தூக்கினான்.

மகள் வயிற்றுவலி என்று சொல்லி, சோப்புக் கேன் வைக்கிற அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வாயாடி நேரே நுரைக்காரரிடம் போனாள். மேட்டைப் பிடித்தபடியேதான் போனாள். அவர் அதுவரை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவருக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. ஒரே வண்டிக்கு இரண்டாம் முறை நுரை அடித்துக்கொண்டிருந்தார். இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது, முதலாளியிடம் சொல்லுங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதலாளி ஆபீசிலிருந்து வந்துவிட்டார். கூடவே டாக்சி கம்பெனி ஆள் ஒருவர், நன்றாக உடுத்தியவர். என்ன பிரச்சினை என்று கேட்டார் முதலாளி.

நுரைக்காரர் ஒரு நொடி வாயைத் திறந்தபடி நின்றார். அந்த ஒரு நொடியில் அவர் சொல்லியிருக்கலாம். தங்கச்சி கம்பியோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல சார். புதுத் துணி. பொம்பளைங்க, கொஞ்சம் கூச்சப்படுறாங்க. ரெண்டு நாள்ல பழகிரும்."

முதலாளி தலையாட்டிவிட்டு அந்த ஆளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். வாயாடி ஒன்றுமே சொல்லாமல் திரும்பி நடந்தாள். அவள் பேசாமல் நடந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு நுரைக்காரரைச் சுவரைத் தாண்டிப் போய் ஓங்கி அறையலாம் போல இருந்தது. அடுத்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தேன், அறைய வேண்டிய அவசியம் இல்லை என்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து கேட்டது பாத்திரச் சத்தம் மட்டும். அப்புறம் அவர் ஒருவரே பேச ஆரம்பித்தார். துணி நல்ல துணிதான், அளவுதான் கொஞ்சம் இறுக்கம். உள்ளே இன்னொன்று போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். பிரிண்ட் கடைக்காரன் சொல்லியிருக்க வேண்டும். டிரைவர்கள் இப்படி இருப்பான்கள் என்று யார் கண்டது? இப்படிச் சுற்றிச் சுற்றி ஊரையெல்லாம் குற்றம் சொல்லி முடித்து, கடைசியில் பழி போட வேறு ஆளில்லாமல் நிறுத்தினார்.

தங்கச்சியின் குரல் சுவர் வழியாக மெதுவாகத்தான் கேட்டது.

"துணி எடுத்ததை நான் ஒண்ணும் சொல்லலைங்க. எனக்கும்தான் தோணுச்சு, இது தண்ணிக்குத் தாங்குமான்னு. உங்க சந்தோஷத்தைக் கெடுக்க வேணாம்னு வாயை மூடிக்கிட்டேன். அது என் தப்பு. ஆனா பழகிரும்னு சொன்னீங்களே, யாருக்குங்க பழகும்? எங்களுக்கா, அந்த பெஞ்சுல இருக்கிறவனுக்கா?"

அவர் பாயை உதறி விரிக்கிற சத்தம் கேட்டது.

"புள்ள நாளைக்கு வரலைன்னு சொல்றா. நீங்களே அவகிட்டப் பேசுங்க."

பேசியது மகள்தான். அவள் அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். "வரேம்மா. நான் வரலைன்னா அப்பாவைத்தானே எல்லாரும் பேசுவாங்க. அவரு எடுத்த சட்டைய அவரு பொண்ணே போடலைன்னு."

என் மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் நல்ல வெயில். பெண்கள் மூன்று பேரும் கருப்பாக ஒன்றை உள்ளே போட்டு, மேலே அந்தச் சட்டையைப் போட்டு வந்திருந்தார்கள். நனைந்ததும் அதுவும் ஒட்டிக்கொண்டது. நிறம் மறைந்தது, உடம்பு மறையவில்லை. மகளை வண்டிக்குள் தூசி உறிஞ்சுகிற வேலைக்கு விட்டிருந்தாள் தங்கச்சி, அங்கே தண்ணீர் இல்லை என்று. கண்ணாடிக்கு வெளியே ஒரு டிரைவர் வந்து நின்றுகொண்டு, சீட்டுக்கு அடியில் சுத்தமாக இல்லை, இன்னும் குனிந்து பார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தங்கச்சி கம்பியோரத்திலிருந்து ஓடி வருவதற்குள் நுரைக்காரர் துப்பாக்கியைக் கீழே போட்டார்.

சண்டைக்குப் போகிறார் என்று நினைத்து நானும் லீவரை எடுத்துக்கொண்டேன். அவர் சண்டைக்குப் போகவில்லை. பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, சட்டையைக் கழற்றி, உள்ளே இருந்த பனியனை உருவி எறிந்தார். சட்டையை மட்டும் மறுபடி மாட்டிக்கொண்டு, பம்பில் நின்றவனைப் பார்த்து என் மேல அடி என்றார். அவன் முழித்தான். அடிடா என்றதும் அடித்தான்.

தண்ணீர் தலையிலிருந்து கால்வரை ஓடியது. பால் நிறத் துணி அவர் மேல் ஒட்டியது. தொப்பை, நெஞ்சு முடி, ஆபரேஷன் தழும்பு எல்லாம் தெரிந்தது.

"பாருங்க" என்றார். "நேத்து அப்படிப் பாத்தீங்கள்ல? நான்தான் இந்தச் சட்டைய எடுத்தவன். என்னையப் பாருங்க."

பெஞ்சில் ஒரு சிரிப்பு எழுந்தது. என்னண்ணே, இங்கேயே குளியலா என்று ஒருவன் கேட்டான். ஒரே ஒரு வயசான டிரைவர் எழுந்து டீக்கடைப் பக்கம் நடந்தார். அவ்வளவுதான். மற்றவர்கள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர் நின்றுகொண்டே இருந்தார், தண்ணீர் சொட்டியது, எவனும் நிமிரவில்லை. அவமானப்படலாம் என்று வந்த மனுஷனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

தங்கச்சி ஒரு துணியைக் கொண்டுவந்து நீட்டினாள். காப்பிப்பொடி நிறத் துண்டு அது, பழைய சட்டையின் முதுகு.

"தொடைச்சுக்கிட்டு வாங்க" என்றாள். "உங்களை யாரும் பாக்கல."

அவர் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, துடைக்காமலே, சொட்டச் சொட்ட முதலாளி ஆபீசுக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. தப்பாக எடுத்துவிட்டேன் சார், நனைத்துப் பார்க்கவில்லை, பெண்களிடம் கேட்கவும் இல்லை, நேற்று உங்களிடம் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொன்னார். முதலாளி கத்துவார் என்று நானும் காத்திருந்தேன். அந்த ஆள் கணக்குப் பார்ப்பதிலிருந்து தலையைத் தூக்கி, "இதை நேத்தே சொல்றதுக்கென்னய்யா? வேற சட்டை வர்றவரைக்கும் பழசையே போட்டுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார்.

அவ்வளவுதான். வெளியே வந்து நுரைக்காரர் என் சுவரில் கை ஊன்றி நின்றார். "இவ்வளவுதானா மச்சான்?" என்றார். முதலாளி கத்தியிருந்தால், வேலையை விட்டுத் துரத்தியிருந்தால், அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பழசையே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள், பழசை அவரே வெட்டி வைத்திருந்தார். என் கடையில் தொங்கிய கருப்புச் சட்டையைத் தங்கச்சிக்குக் கொடுத்தேன். கிரீஸ் நாற்றம் அடிக்கும்தான். அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த முறை துணி பார்க்கத் தங்கச்சியும் வாயாடியும் போனார்கள். கையோடு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய், பிரிண்ட் கடைக்காரன் தடுப்பதற்குள் ஒவ்வொரு மாதிரியிலும் ஊற்றிவிட்டார்களாம். அவன் போட்ட கூச்சலை வாயாடி ஒரு வாரம் நடித்துக் காட்டினாள். கருநீலத்தைத்தான் எடுத்து வந்தார்கள். நுரைக்காரர் தனக்கு வந்ததை வாங்கிப் போட்டுக்கொண்டார், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. முதல் நாள் பிடித்த படத்தை முதலாளி போர்டில் போட்டிருந்தார், அது மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. பால் நிறச் சட்டை நனையாமல் எல்லாரும் சிரிக்கிறார்கள். அவர் அதற்குக் கீழே வரும்போது தலையைக் குனிந்துகொள்வார்.

மகள் அதற்குப் பிறகு அங்கே வரவில்லை. கொஞ்ச நாளில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலை கிடைத்தது. அங்கேயும் கம்பெனி பெயர் போட்ட சட்டைதான், ஆனால் அவர்கள் சொல்கிற கடையில் நாமே போய் அளவும் துணியும் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். நுரைக்காரர் அன்று அரை நாள் லீவு போட்டார். முகம் மழித்து, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு கிளம்பினார். அந்தக் கடைக்குப் பக்கத்தில் எனக்கு டியூப் வாங்கும் வேலை இருந்ததால் நானும் கூடப் போனேன். வழியெல்லாம் இந்தத் தடவை விடமாட்டேன் மச்சான், எல்லாத்தையும் நனைச்சுப் பாத்துட்டுத்தான் எடுப்பேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மகள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

கடை வாசலில் அவள் திரும்பினாள். கோபம் ஒன்றும் இல்லை. வெயில் அதிகமாக இருக்கிறது, அந்த நிழலில் நில்லுங்கள் என்று இடத்தைக்கூடக் காட்டினாள்.

"நீங்க வெளியவே இருங்கப்பா. நான் பாத்து எடுத்துக்கிறேன்."

பாட்டிலையாவது கொண்டு போ என்று நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் துணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது நன்றாகத் தெரிந்தது. நுரைக்காரர் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் வருகிறவரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.